கையுறை துவைத்த தண்ணீர்

எங்கள் நூலகத்துக்கு முதல்முறை யாரும் தேடிக்கொண்டு வருவதில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது எட்டிப் பார்ப்பார்கள். ஏப்ரல் வெயிலில் ஃபேனுக்காக வந்து உட்காருவார்கள். புனேவில் சுற்றுச்சூழலைக் கவனிக்கும் ஓர் அரசு அமைப்பின் தரைத்தளத்தில், லிஃப்டை ஒட்டி இருக்கும் நீளமான அறை அது. மேல் மாடிகளில் தண்ணீர்ப் பிரிவு, காற்றுப் பிரிவு, கழிவுப் பிரிவு, சட்டப் பிரிவு என்று வரிசையாகக் கதவுகள். ஒரு கதவுக்குள் நடப்பது அடுத்த கதவுக்குத் தெரியாது. எல்லாப் பிரிவுக்காரர்களும் வந்து போகிற இடங்கள் இரண்டுதான்: ஒன்று கேன்டீன், இன்னொன்று நூலகம். கேன்டீனில் தங்களுக்குத் தெரிந்ததைப் பேசுவார்கள். என்னிடம் வந்து தெரியாததைக் கேட்பார்கள்.

அதனால்தான் இந்த வேலை எனக்கு இத்தனை வருடமாகியும் அலுக்கவில்லை என்று நினைக்கிறேன். நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவள் என்று என் அம்மா இன்னும் நம்புகிறாள். பாதிப் பேர் இப்போது அலமாரிப் பக்கமே போவதில்லை. ஒருவர் வந்து, செங்கல் சூளைப் புகையைப் பற்றி வேறு மாநிலத்தில் யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்பார். இன்னொருவருக்கு இருபது வருடத்துக்கு முன் ஏதோ ஏரியில் எடுத்த தண்ணீர் அளவு வேண்டும். எங்களிடம் இருந்தால் எடுத்துக் கொடுப்பேன். இல்லையென்றால் வேறு ஊர் நூலகங்களுக்கு எழுதி வரவழைப்பேன். ஒருவர் செய்து முடித்த ஆய்வை இன்னொருவர் முதலிலிருந்து செய்யாமல் தடுப்பதும் ஒரு சிக்கனம்தான். காகிதத்தை இரண்டு பக்கமும் அச்சடிப்பதைப் பற்றி எங்கள் கட்டடத்தில் நிறைய சுவரொட்டி உண்டு. இந்தச் சிக்கனத்துக்கு யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை.

மழை பிடித்த புதிதில் ஒரு காலை, தண்ணீர்ப் பிரிவின் பொறியாளர் வந்தாள். கோலாப்பூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது தாண்டியிருக்காது. என்னை தாயி என்று கூப்பிடுவாள், மராத்தியில் அக்கா. நாங்கள் பேசியதெல்லாம் மராத்திதான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"தாயி, எண்ணெய் தண்ணியில மிதக்கணும் இல்லையா?" என்றாள்.

"மிதக்கும்."

"இது மிதக்க மாட்டேங்குது."

மூடி இறுக்கிய ஒரு கண்ணாடி பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். உள்ளே தண்ணீர் விட்டுக் கரைத்த பால் மாதிரி ஏதோ இருந்தது, கொஞ்சம் சாம்பல் நிறத்தில். ஊரின் போபோடிப் பகுதியில் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு நாலாவில், அதாவது கழிவு ஓடையில், எடுத்தது என்றாள். பரிசோதனைக்கூடத்தில் இயந்திர எண்ணெய் என்று சொல்கிறார்கள். ஆனால் நாள்கணக்கில் அசையாமல் வைத்தாலும் எண்ணெய் பிரிந்து மேலே வரவில்லை. ஏதோ கராஜிலிருந்து வருகிறது என்று நினைத்து நாலாவின் இரு கரையிலும் நடந்து பார்த்திருக்கிறாள். அந்த அளவுக்கு எண்ணெய் விடும் கராஜ் எதுவும் அகப்படவில்லை.

"இந்த மாதிரி தண்ணியப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே கழிவுப் பிரிவின் அதிகாரி வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். பொருட்களைத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் தயாரிக்கும் வேலை அவரிடம் இருந்தது.

"ஆகுர்டி பக்கம் வண்டி பாகம் செய்யற ஃபாக்டரிங்கள்ல பருத்தி கிளவுஸ் எவ்வளவு ஆகும் தெரியுமா? ஒரு ஷிஃப்ட் போட்டாலே எண்ணெய் ஊறிக் கறுத்துடும். முன்னே அப்படியே குப்பைக்குப் போகும். இப்போ யாரோ அள்ளிட்டுப் போய், துவைச்சு, கிழிசலைத் தைச்சு, திரும்பக் கொண்டாந்து கொடுக்கறாங்களாம். ஒரே ஜோடி பல தடவை திரும்பி வருதாம். இது மாதிரி வேற ஊர்ல எங்கயாவது நடக்குதான்னு பாத்துச் சொல்லு."

"நல்லா இருக்கே சார். எங்கே துவைக்கறாங்க?"

"நான் இன்னும் பாக்கலை. போபோடின்னு ஒரு ஸ்டோர்கீப்பர் சொன்னார்."

அவர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அந்தப் பாட்டில் கண்முன் வந்தது. எண்ணெய் ஊறிய கையுறை. அதைத் துவைக்க சோப்பு. இரண்டும் சேர்ந்தால் எண்ணெய் எப்படி மிதக்கும்? ஒருவர் பாராட்டப் போகிற இடமும் இன்னொருவர் பிடிக்கத் தேடும் இடமும் ஒன்றாக இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவுகளில் உட்காருகிறவர்கள்.

மாடிப்படி ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. ஒரு வாசகர் என்ன கேட்டார் என்பது அவருக்கும் நூலகருக்கும் இடையில் உள்ள விஷயம். படிக்கும் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் அது ஒன்று. நான் அதை மீறியதில்லை. தவிர, இது என் ஊகம்தான். ஊகத்தை நம்பி யாருடைய பிழைப்பின் மேலும் ஒரு பொறியாளரை ஏவிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கையுறையை எப்படித் துவைப்பார்கள், எதில் போடுவார்கள், எங்கே உலர்த்துவார்கள் என்று பஸ்ஸில் போகும்போதுகூட அதே யோசனை.

நான் இப்போது சாங்வியில் குடியிருக்கிறேன். அப்பா கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரும் அம்மாவும் இன்னும் போபோடியில்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமை அங்கே போனபோது அம்மாவிடம் கேட்டேன்.

"கிளவுஸ் துவைக்கிறவங்களா? ரேஷன் கடைக்குப் பின்னால தகர ஷெட்டுல. நம்ம ஊர்க்காரங்கதான், ராணிப்பேட்டைப் பக்கம்" என்றாள் அம்மா. பொறியாளர் கரை கரையாக நடந்து தேடியதை அம்மா அரிசி களைந்துகொண்டே சொல்லிவிட்டாள். "எதுக்குடி கேக்கற?"

"சும்மா பாக்கணும்."

"துவைக்கிறதுல பாக்க என்னா இருக்கு? நம்ம வீட்டுல ஒரு பக்கெட் ஊறுது, அதப் பாரேன்."

ரேஷன் கடைக்குப் பின்னால் திரும்பியதும் கைகள்தான் தெரிந்தன. குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, மழைக்காக மேலே பிளாஸ்டிக் விரித்து, கையுறைகளை விரல் கீழே தொங்கும்படி மாட்டியிருந்தார்கள். காற்று வரும்போது எல்லா விரல்களும் ஒரே பக்கம் அசைந்தன. உள்ளே மூன்று நான்கு பெண்கள். ஒருத்தி தையல் மெஷினில் கட்டைவிரல் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். பழைய டிரம்மில் கையுறைகள் கொதிநீரில் புரண்டுகொண்டிருந்தன. ஷெட்டை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கை வரை ரப்பர் கையுறை. ஹிந்தியில் என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னதும் ரப்பர் கையுறையைக் கழற்றினாள்.

"தமிழா? வாம்மா, உக்காரு. எந்தத் தெரு?"

அப்பா பேரைச் சொன்னேன். தெரிந்திருந்தது. எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். அவள் வீட்டுக்காரர் ஆகுர்டியில் ஒரு ஃபாக்டரியில் காண்ட்ராக்டில் இருந்தவர். தூக்கிப் போடுகிற கையுறையைச் சமையலறையில் சூடு பாத்திரம் பிடிக்க ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துவருவாராம். இவள் துவைத்துப் பார்த்தாள். வெளுத்துப் போய்ப் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அதையே மூட்டையாக வாங்கித் துவைத்துக் கொடுத்தால் என்ன என்று ஃபாக்டரிக்குப் போய்க் கேட்டது அவள்தான், அவர் இல்லை.

"இத்தினி எண்ணெய் எப்படிக்கா போவுது?"

"பவுடர், சோடா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி. போட்ட அஞ்சு நிமிசத்துல தண்ணி பால் மாதிரி ஆயிடும். அப்பத்தான் எண்ணெய் உட்டுதுன்னு அர்த்தம்."

டிரம்மின் கீழே இருந்த அடைப்பை அவள் திறந்தாள். நான் மேஜைமேல் பார்த்த அதே பால், அதே சாம்பல் நிறம், சிமென்ட் வாய்க்கால் வழியாக ஷெட்டைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் நாலா இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"நீ என்னா வேலை பாக்கற?" என்று கேட்டாள்.

சொன்னேன். அலுவலகத்தின் பெயரைக் கேட்டதும் தையல் மெஷின் நின்றது.

"பூட்டுப் போட வந்தியா?"

"இல்லக்கா. நான் அங்க லைப்ரரியில இருக்கேன். எனக்கு அந்த அதிகாரமெல்லாம் இல்ல. எப்படித் துவைக்கறீங்கன்னு பாக்கணும்னு தோணிச்சு, வந்தேன்."

அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவில் போவது நல்லதில்லை என்று அவளுக்கும் உறுத்தல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் என்று இரண்டு முறை சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பிளம்பரைக் கேட்டால் குழாயை நீட்டிவிடுகிறேன் என்கிறானாம்.

"லைப்ரரின்னு சொல்றியே, அந்தப் பொஸ்தகத்துல இதுக்கு எதுனா வழி இருக்குமா?"

இருபது வருட வேலையில் இவ்வளவு நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "தெரியலக்கா. தேடலாம்" என்றேன். எங்கள் விதிகளில், பொதுமக்களும் கோரிக்கை கொடுத்து நூலகத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி உண்டு. அதைப் பயன்படுத்தி யாரும் வந்ததில்லை. அவளை வரச் சொன்னேன்.

வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் பட்டுக்கரை போட்ட புடவையில், கையில் ஒரு ஜோடி துவைத்த கையுறையோடு வந்து நின்றாள். வாட்ச்மேன் கேன்டீன் வேலைக்கு வந்தவள் என்று நினைத்து அந்தப் பக்கம் கை காட்டியிருக்கிறார். ஜன்னல் ஓர நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். நான் மறைக்காமல் ஒன்றைச் சொன்னேன்: இந்தக் கட்டடத்தில் நாலாத் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கையுறையைப் பற்றி யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் என்ன கேட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வி உங்களுடையது. நீங்கள் சரி என்றால் அதை அவர்கள் முன்னால் வைக்கிறேன். பிறகு நோட்டீஸ் வரலாம். வராது என்று நான் உறுதி தர முடியாது.

அவள் கொஞ்ச நேரம் அலமாரிகளைப் பார்த்தாள். "எப்படியும் ஒரு நாள் வருவாங்க. நானே சொன்னா கேள்வி கேக்கவாவது முடியும் இல்ல? வைய்யி" என்றாள்.

அதற்கு முன்னால் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். எண்ணெய், சோப்பு, துணி என்று எந்த வார்த்தையில் தேடினாலும் ஹோட்டல் சலவையும் ஆஸ்பத்திரிச் சலவையும்தான் வந்தன. ஃபாக்டரித் துணி என்று எழுதுகிறவர்கள் குறைவு. கடைசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பு கண்ணில் பட்டது. இயந்திரம் துடைக்கும் துணிகளைத் துவைப்பது பற்றி. அதன் பிரதி எங்குமே இணையத்தில் இல்லை. அந்தக் கல்லூரி நூலகருக்குப் போன் செய்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்து தமிழில் ஒருவர் பேசியது அவருக்கு ஆச்சரியம். அன்று மாலையே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்.

அதில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, பால் போன்ற தண்ணீரில் படிகாரம் சேர்த்தால் எண்ணெய் திரண்டு பிரியும். இன்னொன்று இன்னும் எளிமையானது. துணியில் தண்ணீர் படுவதற்கு முன்பே அதை வேகமாகச் சுழற்றி, எண்ணெயை எண்ணெயாகவே வெளியே எடுத்துவிடு. அதைப் படித்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அறையில் சொல்ல யாரும் இல்லை.

பொறியாளரையும் அதிகாரியையும் நூலகத்துக்குக் கூப்பிட்டேன். ஒரு வாசகர் தன் சம்மதத்தோடு ஒரு கேள்வி வைத்திருக்கிறார், உங்கள் இருவர் உதவியும் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அன்று போபோடி அக்காவும் வந்திருந்தாள்; தன் அரைகுறை மராத்தியிலும் சரளமான ஹிந்தியிலுமாகச் சொல்லி முடித்தாள். கையுறையை மேஜைமேல் வைத்தாள். அதிகாரி அதை எடுத்து, தைத்த கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் புத்தகத்துல முதல் பக்கத்துல போடணும்னு இருந்த இடம் இது" என்றார்.

பொறியாளரின் முகம் இறுகிவிட்டது. "நான் ஒரு மாசமா தேடற இடம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாக்குவாதம். துவைக்காவிட்டால் மூட்டை மூட்டையாக எண்ணெய்த் துணி குப்பைக்குப் போகும், அது மண்ணில் இறங்காதா என்றார் அவர். மண்ணைக் காப்பாற்ற ஆற்றில் விடலாமா என்றாள் அவள். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. போபோடி அக்கா யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்த்தாள். கொஞ்சம் இடைவெளி விழுந்ததும், "துவைக்கிறத நிறுத்துன்னா நிறுத்தறேன். எத்தினி நாளுக்குன்னு சொல்லுங்க. அதுக்குள்ள என்னா செய்யணும்னு சொல்லுங்க" என்றாள்.

பொறியாளர் ஆய்வேட்டை இழுத்துப் படிக்க ஆரம்பித்தாள். "இதை எங்கேர்ந்து பிடிச்சீங்க தாயி?" என்று தலை நிமிராமலே கேட்டாள்.

அன்றிலிருந்து நாலாவில் விடுவது நின்றது. அதற்கு எழுத்தில் உத்தரவும் போனது. பொறியாளர் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உத்தரவோடு அவளும் ஷெட்டுக்குப் போனாள். வீட்டுத் துணி பிழியும் பழைய ஸ்பின் மெஷின் ஒன்றில் எண்ணெய்க் கையுறைகளை உலர்வாகவே போட்டுச் சுற்றவிட்டார்கள். நானும் விடுப்பு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மெஷின் நடுங்கி நடுங்கி நின்றது. கீழே வைத்த டப்பாவில் கறுப்பாக, கெட்டியாக எண்ணெய் இறங்கியிருந்தது. அக்கா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தினியுமா நான் ஆத்துல உட்டுக்கினு இருந்தேன்?" என்றாள்.

படிகாரச் சோதனையைப் பரிசோதனைக்கூடத்தில் செய்தார்கள். கண்ணாடிக் குடுவையில் பால் மெல்ல மெல்லத் திரிந்து, நடுவில் தெளிந்த தண்ணீர் ஒரு பட்டை தெரிந்தது. நாங்கள் நான்கு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா பக்கத்தில் இருந்த டெக்னீஷியனிடம், "பனீர் மாதிரியே கீது" என்றாள் தமிழிலேயே. அவருக்கு பனீர் மட்டும் புரிந்து சிரித்தார்.

குடுவையில் நடந்தது ஷெட்டில் அப்படியே நடக்கவில்லை. எண்ணெய் வெகுவாகக் குறைந்தது. நாலாவில் விடும் அளவுக்குக் குறையவில்லை. குடியிருப்புக்கு நடுவில் அந்த வேலைக்கு அனுமதி தர முடியாது என்று சட்டப் பிரிவும் சொல்லிவிட்டது. கடைசியில் ஆகுர்டியில், கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஒரு தொழிற்பேட்டை ஷெட்டில் ஒரு பகுதி கிடைத்தது. கையுறை கொடுக்கும் ஃபாக்டரியே அதற்குப் பேசி உதவியது. அதிகாரி அதற்காக எத்தனை முறை போய் வந்தார் என்று அவர் சொல்லவில்லை; ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிசைந்துகொண்டதை மட்டும் பார்த்தேன்.

எல்லோருக்கும் அது வசதியாக அமையவில்லை. அக்காவும் இரண்டு பெண்களும் லோக்கல் ரயிலில் போய் வருகிறார்கள். தைக்கிற பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவளால் போக முடியாது. துவைத்த கையுறைகள் கிழிசல் தைக்க மட்டும் போபோடிக்கு அவள் வீட்டுக்கு வருகின்றன. இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டாள். அவளைத் தெருவில் பார்த்தால் எனக்கு என்ன பேசுவது என்று தெரிவதில்லை. அவளே சிரித்து, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

அதிகாரியின் சிறு புத்தகம் அவர் ஓய்வுபெறுவதற்கு முன்பே வந்துவிட்டது. கையுறை அத்தியாயத்தில் தண்ணீரைப் பற்றிய பகுதியைப் பொறியாளர் எழுதினாள். கண்ணாடிக் குடுவையின் படம் கையுறைப் படத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அதற்கும் இருவரும் என் மேஜையில்தான் சண்டை போட்டார்கள். இப்போது மாதம் ஒரு மத்தியானம் நூலகத்தில் கூடுகிறோம். வர விரும்புகிறவர்கள் தங்களுக்குத் தெரியாத ஒன்றை மற்றவர்கள் முன்னால் தாங்களே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் கூட்டத்தில் காற்றுப் பிரிவிலிருந்து ஒருவர், வெட்கத்தோடு, தனக்குப் புரியாத ஒரு வரைபடத்தை விரித்தார்.

போன வாரம் அக்கா ஆகுர்டியிலிருந்து நேரே வந்தாள். கை நிறைய சோப்புத் தூள் வாசனை.

"அங்க போர் தண்ணி. எத்தினி பவுடர் போட்டாலும் நுரையே வரல. போபோடியில கொஞ்சமா போட்டாலே பொங்கும். பவுடர் அதிகமாப் போட்டா அதுவும் தண்ணியில தானே போவும்? ஏன் அப்படி ஆவுதுன்னு பாத்துச் சொல்லு."

கடின நீர் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.